கோடை விருந்துக்குக் குளூட்டன் இல்லாத குளிர்ந்த தீனிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்கா மகளுக்குக் குளூட்டன் கொஞ்சமும் ஆகாத சீலியாக் நோய் என்று தெரிந்த நாளிலிருந்து, எங்களை விருந்துக்கு அழைக்கிறவர்கள் முதல் நாளே போன் செய்துவிடுகிறார்கள். "அவளுக்கு என்ன செய்து வைக்கட்டும்?" என்றுதான் பேச்சு தொடங்கும். பிறகு எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்பார்கள். கோடையில் அழைப்புகள் கூடுவதால், ஒரே பதிலைப் பத்துப் பேரிடம் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். முன்கூட்டியே செய்து, குளிரவைத்து, கரண்டி தேடாமல் கையால் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் தீனிகளைப் பற்றி மட்டுமே இங்கே பேச்சு.

முதல்ல, குளூட்டன்னா என்ன? மாவுல சேர்க்கிற ஏதாவது ரசாயனமா?

யாரும் சேர்ப்பதில்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இயல்பாகவே இருக்கும் புரதம் அது. மாவில் தண்ணீர் விட்டுப் பிசையும்போது ஜவ்வு போல இழுபடுகிறதே, அந்த இழுவையைத் தருவது குளூட்டன்தான். ரொட்டி உப்புவதும், பிசைந்த மாவு கிழியாமல் விரிவதும் அதனால்தான்.

ஒரு கடி கடிச்சா என்ன ஆகிடும்? கொஞ்சம் வயிறு உப்பும், அவ்வளவுதானே?

யாருக்கு என்பதைப் பொறுத்தது. கோதுமை ஒவ்வாமை உள்ளவருக்கு உடனே தடிப்பு, மூச்சுத் திணறல் வரலாம். சிலருக்கு வயிற்றுக் கோளாறோடு நின்றுவிடும். சீலியாக் நோய் வேறு வகை. குளூட்டன் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்பு மண்டலம் தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்கும். சத்துகளை உறிஞ்சும் நுண்ணிய குடல் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகும். நூறில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு. வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமல் உள்ளே சேதம் நடப்பதும் உண்டு. அதனால் "போன தடவை சாப்பிட்டாளே, ஒண்ணும் ஆகலையே" என்பது சான்றாகாது.

அளவு பற்றி ஒரு கணக்கு. சீலியாக் நோயாளிகளில் பெரும்பாலோர் ஒரு நாளில் 10 மில்லிகிராம் குளூட்டன் வரை தாங்குவார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கிறது, அதாவது அந்த வரம்பைப் போல 200 மடங்கு. ஒரு கடி வேண்டாம், சிந்திய தூளே போதும்.

கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தவர் வில்லெம் கரெல் டிக்கெ என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலத்தில் போரால் அங்கே பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமல் போனபோது, இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். ஊரே பட்டினி கிடந்த நேரத்தில் நோயாளிக் குழந்தைகள் மட்டும் தேறியது அவருடைய பழைய சந்தேகத்தை உறுதியாக்கியது.

கோதுமை மட்டும்தானே ஆகாது? ரவை, ஓட்ஸ், பார்லி எல்லாம் பரவாயில்லையா?

மைதா, ரவை, சேமியா மூன்றும் பெரும்பாலும் கோதுமையின் வேறு உருவங்களே. பார்லியும் ரையும் கண்டிப்பாக ஆகாது. "கோதுமை இல்லை" என்று அட்டையில் போட்டிருந்தால் "குளூட்டன் இல்லை" என்று அர்த்தமாகாது.

ஓட்ஸ் கொஞ்சம் சிக்கலானது. அதில் இருக்கும் புரதம் வேறு. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுவதால் சாதாரண ஓட்ஸ் பாதுகாப்பானதில்லை. தனியாகப் பிரித்துப் பதப்படுத்தியதிலும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஓட்ஸ் மேல் "குளூட்டன் இல்லாதது" என்று போடவே சட்டம் அனுமதிப்பதில்லை. விருந்துக்கு ஓட்ஸை விட்டுவிடுவது நல்லது என்பது என் கட்சி. அது இல்லாமல் எந்த விருந்தும் குறைந்துபோவதில்லை.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாதவையும் உண்டு. பக்வீட் என்ற தானியம் போன்ற விதை, பெயரில் "வீட்" இருந்தாலும், கோதுமையே இல்லை. ஆங்கிலத்தில் "குளூட்டினஸ் ரைஸ்" என்று எழுதியிருக்கும் ஒட்டரிசியிலும் குளூட்டன் கிடையாது; அது ஒட்டுவது அதன் மாவுச்சத்தின் தன்மையால்.

அப்போ மிச்சம் என்னதான் இருக்கு?

இதைக் கேட்கும்போது குரலில் ஒரு சோர்வு இருக்கும். உண்மையில் ஏறக்குறைய எல்லாமே மிச்சம் இருக்கிறது: பழம், காய், முட்டை, மீன், இறைச்சி, பால், சீஸ், பருப்பு, கடலை, அரிசி, சோளம், உருளைக்கிழங்கு, கொட்டை வகைகள். குளிர்ந்த தீனிகளில் மாவுக்கு வேலையே குறைவு. பெரும்பாலும் அது ஒரு தாங்கி, மேலே வைத்ததை வாய்வரை கொண்டு சேர்க்கும் வண்டி. வண்டியை மாற்றினால் போதும்.

குளூட்டன் இல்லாத ரொட்டி கடையிலேயே விக்குதே. அதுல சாண்ட்விச் போட்டுடலாமே?

போடலாம். ஆனால் குளிரவைக்கும் விருந்துக்கு அது பொருந்தாது. அந்த ரொட்டியில் இழுவை தரும் புரதம் இல்லை, பெரும்பாலும் மாவுச்சத்துதான். வெந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகும். ஃபிரிட்ஜின் குளிரில் இது இன்னும் வேகமாக நடக்கும். காலையில் மெத்தென்று இருந்தது மாலையில் மணல்போல் உதிரும். சுடவைத்தால் சரியாகும், ஆனால் நாம் பேசுவது குளிர்ந்த தீனி.

நானும் முதல் வருடம் இந்த வழியில்தான் போனேன். சின்னச் சின்னச் சாண்ட்விச்சுகள் அறுபது. பாதி, தட்டிலிருந்து எடுக்கும்போதே உடைந்தன. அன்றிலிருந்து ஒரே விதி: கோதுமைப் பண்டத்துக்கு மாற்று தேடாதே, முதலிலிருந்தே கோதுமை கேட்காத பண்டத்தைச் செய். வந்தவர்கள் "இது குளூட்டன் இல்லாததா?" என்று கேட்கவே மாட்டார்கள்.

சரி, ரொட்டி இல்லாம எது மேல வைக்கிறது?

வெள்ளரிக்காய்தான் முதல் தேர்வு. ஒரு விரற்கடை கனத்தில் வட்டமாக நறுக்கி, நடுவில் கொஞ்சம் குடைந்தால் சின்னக் கிண்ணம் மாதிரி ஆகிவிடும். அதில் கிரீம் சீஸ், மேலே புகையூட்டிய மீன் அல்லது பொடியாக நறுக்கிய குடைமிளகாய். தோலோடு அவித்த சின்ன உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டினால் அது வயிறு நிறைக்கும் தாங்கி. மாவாக உதிராத, மெழுகுபோல் இருக்கும் ரகமாகப் பாருங்கள். குளிர்ந்த உருளைக்கிழங்கின்மேல் கெட்டித் தயிரும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளும் போதும்.

லெட்யூஸ் இலையில் வெந்த கோழித்துண்டுகளைச் சுருட்டலாம். சின்னக் குடைமிளகாயைப் பாதியாகப் பிளந்து உள்ளே கொண்டைக்கடலை விழுது நிரப்பலாம். குச்சியில் கோப்பதும் எளிது. தர்பூசணித் துண்டு, ஃபெட்டா சீஸ், ஒரு புதினா இலை என்று கோத்துக் குளிரவைத்துப் பாருங்கள். இனிப்பும் உப்புமாக அது போகிற வேகத்துக்கு மற்ற எதுவும் ஈடு கொடுப்பதில்லை. செர்ரி தக்காளியும் மொசரெல்லாவும் துளசி வகை இலையும் இன்னொரு கூட்டணி.

மொறுமொறுப்பு வேண்டுமென்றால் அரிசி கிராக்கர், சோளச் சிப்ஸ். இவற்றில் மட்டும் அட்டையைப் படிக்க வேண்டும். ஏன் என்று கீழே வருகிறது.

முட்டையைப் பாதியா வெட்டி மசாலா வைப்பாங்களே, அதை முந்தின நாளே செய்யலாமா?

முட்டையை முந்தின நாள் அவித்து உரித்து மூடி வைக்கலாம். மஞ்சள் கருக் கலவையைத் தனியே பிசைந்து ஒரு பையில் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். நிரப்புவது விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்னால். முன்பே நிரப்பினால் மேல்புறம் காய்ந்து வெடித்துவிடும்.

மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வந்தால் அதிகமாக வெந்துவிட்டது என்று பொருள். இரும்பும் கந்தகமும் சேர்ந்து உண்டாகும் நிறம் அது. சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. கொதித்த பிறகு 10 நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர். இட்ட அன்றே அவித்தால் தோல் ஒட்டிக்கொண்டு வெள்ளைக்கரு பிய்யும். ஒரு வாரம் பழைய முட்டையே நல்லது.

அரிசித்தாள் ரோல் காலையிலேயே சுருட்டி வைக்கலாமா? எனக்கு எப்பவும் ரப்பர் மாதிரி ஆகிடுது.

அரிசித்தாள் என்பது தண்ணீரில் நனைத்து, உள்ளே காய் வைத்துச் சுருட்டும் மெல்லிய அரிசி மாவுத் தாள். ரொட்டிக்கு நடந்தது இதற்கும் நடக்கிறது: அரிசி மாவுச்சத்து, ஃபிரிட்ஜ், இறுக்கம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் முன்னதாகச் சுருட்ட வேண்டாம். ஒன்றோடொன்று படாமல் அடுக்கி, ஈரத்துணி போட்டு மூடுங்கள். படாமல் என்பது முக்கியம். ஒட்டிய இரண்டைப் பிரித்தால் இரண்டுமே கிழியும்.

வெள்ளரிக்காய் தண்ணி விட்டு எல்லாம் நசநசன்னு ஆகுது. என்ன பண்றது?

உப்பு பட்டதும் காய் தண்ணீர் விடும். அதைத் தடுக்க முடியாது, முந்திக்கொள்ளலாம். நறுக்கிய துண்டுகளில் லேசாக உப்புத் தூவிக் கால் மணி நேரம் வைத்து, துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மேலே கிரீமைப் போடுங்கள். வெள்ளரி கலந்த தயிர் டிப் என்றால் துருவியதைப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். தயிரையும் துணியில் கட்டித் தொங்கவிட்டு வடியவையுங்கள்.

ஃபிரிட்ஜ்ல வைக்கறதுக்கு முன்னாடி ருசி சரியா இருந்தது, எடுத்ததும் சப்புன்னு இருக்கு. ஏன்?

குளிர்ந்த உணவில் இனிப்பும் மணமும் நாக்குக்கு மங்கித் தெரியும். சூடாக இருக்கும்போது பார்த்த ருசியை நம்பாதீர்கள். ஒரு கரண்டி எடுத்துக் குளிரவைத்து, அதன் பிறகு ருசி பார்த்துத் திருத்துங்கள். பெரும்பாலும் உப்பைவிட எலுமிச்சைச் சாறுதான் குறைவாக இருக்கும்.

வெயில்ல எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்?

5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் வேகமாகப் பெருகும். சாதாரணமாக 2 மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் 1 மணி நேரம். அதற்குப் பிறகு மிஞ்சியதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். திரும்ப ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி பரிமாறக் கூடாது. முட்டை, மீன், கோழி, சீஸ் மட்டும் இதில் அடங்கும் என்று நினைக்கிறார்கள். நறுக்கிய தர்பூசணியும் அடங்கும்.

வெந்த அரிசிக்குத் தனி எச்சரிக்கை உண்டு. குளூட்டன் வேண்டாம் என்றதும் எல்லாரும் அரிசிக்குத் தாவுகிறோம். அரிசியில் இருக்கும் ஒரு கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து நஞ்சு உண்டாக்கும். பிறகு சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அரிசி உருண்டைகள் செய்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் ஏற்றிவிடுங்கள்.

மேசைக்கு ஒரு எளிய வழி: ஒரே பெரிய தட்டுக்குப் பதில் நான்கு சின்னத் தட்டுகள். ஒன்று வெளியே, மூன்று ஃபிரிட்ஜில். முதல் தட்டு காலியானதும் அடுத்தது.

கடையில வாங்கற எதுல எல்லாம் ஒளிஞ்சிருக்கும்?

சோயா சாஸ் முதல் குற்றவாளி. பெரும்பாலானவற்றைச் சோயாவோடு கோதுமையும் சேர்த்தே புளிக்கவைக்கிறார்கள். பிறகு மசாலா தூவிய சிப்ஸ், சாசேஜ், நண்டு இறைச்சி போலச் செய்த மீன் விழுதுக் குச்சிகள், கெட்டியாக்கிய சாலட் சாஸ், பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சேர்த்த கார்ன்ஃபிளேக்ஸ், மால்ட் வினிகர். தூள் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டிப்பில் ஒரு சிட்டிகைதானே என்று போட்டுவிடுவார்கள். சைவ "இறைச்சி" வகைகளில் சில முழுக்க முழுக்கக் குளூட்டனாலேயே ஆனவை.

அட்டையில "மால்ட்டோடெக்ஸ்ட்ரின்"னு போட்டிருக்கு. மால்ட்னா பார்லிதானே?

நல்ல சந்தேகம், ஆனால் பெயர் ஒற்றுமை மட்டும்தான். மால்ட்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் சிரப் இரண்டும் மாவுச்சத்தைச் சிதைத்துச் சுத்திகரித்தவை. கோதுமையிலிருந்து எடுத்திருந்தாலும் புரதம் மிஞ்சுவது மிகமிகக் குறைவு. மால்ட், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் பார்லி; விட்டுவிடுங்கள்.

"குளூட்டன் இல்லாதது" என்ற முத்திரைக்கு, கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநெறி வைத்திருக்கும் வரம்பு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அந்த அளவில் உள்ள உணவை அரைக் கிலோ தின்றால்தான் மேலே சொன்ன 10 மில்லிகிராமே வரும்.

என் வீட்டுச் சமையலறை முழுக்க கோதுமை மாவுதான். நான் செஞ்சா சரிப்படுமா?

சரிப்படும், ஒழுங்கு வேண்டும். மாவுத் தூசி காற்றில் நெடுநேரம் மிதக்கும். அதனால் கோதுமைப் பண்டம் ஏதாவது செய்வதானால் முந்தின நாளே முடித்துத் துடைத்துவிடுங்கள். மரப்பலகை, மரக்கரண்டி, சல்லடை, வடிகட்டி, டோஸ்டர் ஐந்தையும் தொட வேண்டாம். கீறலிலும் ஓட்டையிலும் தங்கியது கழுவினாலும் முழுக்கப் போகாது. ஸ்டீலும் கண்ணாடியும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கையையும் சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், புரதத்தை அகற்றாது.

ஏற்கெனவே ரொட்டிக் கத்தி பட்ட வெண்ணெய், ஜாம், மயோனைஸ் பாட்டில்களை விட்டுவிட்டுப் புதிதாகத் திறங்கள். "நல்லா சூடாக்கிட்டேனே" என்பதும் உதவாது. குளூட்டன் சமையல் சூட்டுக்கு அழியாது.

எல்லாம் சரியா செஞ்சு மேசையில ஒரு ஓரமா தனியா வெச்சா போதும்தானே?

போதாது. என் அனுபவத்தில் தவறு அடுப்படியில் நடப்பதில்லை, மேசையில்தான் நடக்கிறது. ஒரு விருந்தில் மூன்று டிப் செய்து, வெட்டிய காய்களோடு தனியாக வைத்தேன். ஒரு கடுகளவு தப்பு இல்லை. இரண்டடி தள்ளி சாதாரண பிஸ்கட் தட்டு. பத்து நிமிடத்தில் ஒரு பெரியவர் பிஸ்கட்டைக் கொண்டுவந்து கொண்டைக்கடலை விழுதில் தோய்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், ருசியாக இருக்கிறது என்று பாராட்டினார். அக்கா மகள் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு ஆப்பிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகு நான் கண்ட நல்ல வழி, மேசை முழுவதையுமே குளூட்டன் இல்லாததாக வைத்துவிடுவது. மேலே சொன்ன தீனிகளில் யாருக்கும் எதுவும் குறைவதில்லை. அது முடியாவிட்டால், குளூட்டன் ஆகாதவருக்கான பங்கை முதலிலேயே தனி டப்பாவில் எடுத்து மூடிப் பெயர் எழுதி வையுங்கள். டிப்பைப் பொதுக் கிண்ணத்தில் வைக்காமல் ஆளுக்கொரு சின்னக் கப்பில் ஊற்றி, அதிலேயே காய்க்குச்சிகளைச் சொருகிக் கொடுப்பதும் நன்றாக வேலை செய்கிறது. பார்க்கவும் அழகு. சீட்டு எழுதி ஒட்டுவதை மட்டும் நம்பாதீர்கள்; பசியில் யாரும் படிப்பதில்லை.

சாலட்ல ரொட்டித் துண்டு போட்டுட்டேன். பொறுக்கி எடுத்துட்டா?

இல்லை. இரண்டாவது பதிலில் உள்ள கணக்கைப் பாருங்கள்.

இனிப்புக்கு என்ன? கேக் இல்லாம விருந்தா?

வெயிலில் கிரீம் கேக் உருகி வழிவதைப் பார்த்தால் கேக் மேல் ஆசை தானாகக் குறையும். அகர் அகர் என்கிற கடற்பாசியில் பழச்சாறு ஜெல்லி செய்து சதுரமாக வெட்டுங்கள். ஜெலட்டின் ஜெல்லி கோடை வெயிலிலேயே இளகிவிடும். அகர் ஒருமுறை உறைந்தால் சுமார் 85 டிகிரி வரை உருகாது; கையில் எடுத்தாலும் ஒட்டாது. பச்சை அன்னாசியும் பப்பாளியும் ஜெலட்டினை உறையவிடாது, அவற்றிலுள்ள நொதி அந்தப் புரதத்தை அறுத்துவிடும். அகர் புரதமே இல்லை என்பதால் அந்தத் தொல்லையும் கிடையாது.

உறையவைத்த திராட்சை, பேரீச்சம்பழத்துக்குள் கொட்டை, சாக்லேட்டில் பாதி முக்கிய ஸ்ட்ராபெரி ஆகியவையும் உண்டு. சாக்லேட் 34 டிகிரி வாக்கில் உருகும், நிழலில் வையுங்கள். திராட்சையைச் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுப்பதானால் நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். ஐஸ்கிரீம் கோன் பெரும்பாலும் கோதுமை. கப்பில் கொடுங்கள், கோனில் பட்ட கரண்டியை டப்பாவுக்குள் விடாதீர்கள்.

பாதாம் மாவில் கேக் செய்கிறேன் என்பவர்களுக்கு: வருகிறவர்களில் கொட்டை ஒவ்வாமை உள்ளவர் யாராவது உண்டா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

குடிக்கறதுல என்ன வந்துடப் போகுது?

பார்லித் தண்ணீர்! வெயிலுக்கு நல்லது என்று அன்போடு ஊற்றிக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். பார்லி மால்ட் சேர்த்த பானப் பொடிகளும் சாதாரண பீரும் அதே கணக்கில் சேரும். பழச்சாறு, மோர், எலுமிச்சைச் சாறு தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆளுக்கு எத்தனை பண்ணணும்?

பிறகு சாப்பாடு இருந்தால் ஆளுக்கு 4 முதல் 6 துண்டுகள். தீனியே சாப்பாடு என்றால் 10 முதல் 12. ஐந்து வகைக்கு மேல் வேண்டாம். வகை கூடக் கூட மிச்சம்தான் கூடும்.

இவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சேன். அவங்க தனியா டப்பா கொண்டுவந்துட்டாங்க. மனசு கஷ்டமா இருந்துச்சு.

புரிகிறது. அவர்கள் சமையலை நம்பாமல் கொண்டுவரவில்லை. பழைய அனுபவங்கள் அப்படி. அடுத்த முறை வாங்கிய பாக்கெட்டுகளின் அட்டைகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து காட்டுங்கள். எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு "பார்த்துப் பார்த்துச் செய்தேன்" என்பதைவிட, அந்த அட்டையைத் தானே படித்துப் பார்ப்பது நிம்மதி.

இதெல்லாம் கேட்டா எனக்கும் குளூட்டன் ஒத்துக்கலையோன்னு தோணுது. ஒரு மாசம் விட்டுப் பாக்கட்டுமா?

விடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, குளூட்டனுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினையைத் தேடுகிறது. சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் போனால் அது மங்கிப்போய், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். அப்புறம் பரிசோதனைக்காகவே பல வாரம் மறுபடி ரொட்டி தின்னச் சொல்வார்கள். அக்கா மகளுக்கு அப்படித்தான் ஆனது. அந்த ஆறு வாரத்தைப் பற்றி அவள் இன்றைக்கும் பேச விரும்புவதில்லை.